செம்பு மினுங்கும் நீலம்: தோங் ஊரில் ஒரு துணி செய்த அனுபவம்

சீனத்து மலைகளில் வாழும் தோங் மக்களின் துணியை முதன்முறை கையில் வாங்கும் திருப்பூர் சாயப்பட்டறைக்காரர் யாராக இருந்தாலும் அதை ரிஜெக்ட் கணக்கில்தான் சேர்ப்பார். கருநீலத்தின் மேல் செம்பு நிறத்தில் ஒரு மினுக்கம் ஓடும். வெள்ளைத் துணியால் தேய்த்தால் நீலம் அப்படியே ஏறிவிடும். கசக்கினால் காய்ந்த பனையோலை போல மொரமொரக்கும். சோப்புத் தண்ணீரில் போட்டாலோ அந்த மினுக்கமே போய்விடும். நான் பல வருடம் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கும் வேலையில் இருந்தவள். இந்தக் குறைகள் வராமல் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் செம்பு மினுக்கத்துக்குத் தொழிலில் ப்ரான்ஸிங் என்று பெயர். சாயம் நூலுக்குள் இறங்காமல் மேலே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பார்த்தவுடனே லாட்டை மறுபடி சோப்பு நீரில் அலசும் சோப்பிங்குக்கு அனுப்பிவிடுவோம். தோங் பெண்கள் அதே மினுக்கத்தை வரவழைக்கப் பல வாரங்களைச் செலவிடுகிறார்கள். அது எப்படி வருகிறது என்று என் கையாலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளப் போனேன். அதன் குறிப்புகள்தான் இவை.

தோங் மக்கள் தங்களைக் காம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தென்மேற்குச் சீனத்தில் குய்சோ, ஹூனான், குவாங்சி மூன்றும் சந்திக்கிற மலைப்பகுதிதான் அவர்கள் நாடு. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 35 லட்சம் பேர். ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தோடு கோத்து எழுப்பும் முரசு கோபுரங்களும், 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அவர்களுடைய பல்குரல் பாட்டும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பாடுகிறவர்கள் உடுத்தியிருக்கும் துணியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த மேடைப் படங்களில் முதலில் கண்ணில் பட்டதே துணிதான்.

வேலை நிமித்தம் குவாங்சோவில் இருக்கிறேன். 2014 டிசம்பரில் குவாங்சோவுக்கும் குய்யாங்குக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபின் இந்த மலைகள் கிட்டத்தில் வந்துவிட்டன. சோங்ஜியாங் நிலையத்தில் இறங்கினால் சாவோசிங் பக்கம்தான். ஐந்து குலங்களுக்கு ஐந்து முரசு கோபுரங்கள் நிற்கிற பெரிய ஊர் அது. சுற்றுலாக் கூட்டம் அதிகம் என்பதால் நான் அங்கே தங்கவில்லை. அதற்கு மேலே, படிக்கட்டு வயல்களுக்கு நடுவே உள்ள சின்ன ஊரில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டேன். அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் கூப்பிடுவது போல நானும் ‘ஸா’ என்றே கூப்பிட்டேன். ஸாவுக்குக் காம் மொழி மட்டும்தான். மருமகளுக்குச் சீனமும் தெரியும். எனக்கு ஓரளவு சீனம் வரும் என்பதால் பேச்சு மருமகள் வழியாக ஓடியது. கை வேலைக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படவில்லை.

துணி ஸா வீட்டுத் தறியில் நெய்த பருத்தி. அகலம் ஓர் அடிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இடுப்பில் பட்டையைக் கட்டி, பாவு நூலை உடம்பாலேயே இழுத்துப் பிடித்து நெய்கிறார்கள் என்பதால் கை எட்டும் தூரம்தான் அகலம். கைநூல் என்பதால் குறுக்கே ஓடும் ஊடையில் அங்கங்கே தடிப்பு இருக்கும். மில் துணியாக இருந்தால் அதையும் குறை என்றிருப்பேன். பின்னால் சம்மட்டி அடிக்கும்போதுதான் அந்தத் தடிப்புகளின் அருமை தெரிந்தது. அடிபட்டுத் தட்டையாகும் இடங்கள் அவைதான், ஒளி முதலில் பிடிப்பதும் அங்கேதான். இதில் ஒரு மேல்சட்டைக்கு வேண்டிய நீளத்தை எனக்கென்று வெட்டிக் கொடுத்தார்கள். கஞ்சி போக வெந்நீரில் ஊறவைத்து, ஓடையில் அலசிக் காயப்போட்டோம்.

நீலம் அங்கே நம் அவுரியிலிருந்து வருவதில்லை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பயிராகும் அவுரி பருப்பினச் செடி. குய்சோ மலைகளில் வளர்ப்பது குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த, நிழலும் ஈரமும் விரும்பும் அகன்ற இலைச் செடி. நம் மலைகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் அதுவும் ஒரே பேரினம். இலை வேறானாலும் உள்ளிருந்து பிறக்கும் நீலம் ஒன்றே. இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாறு இறங்கியதும் இலையை அள்ளி எறிந்துவிட்டு, சுண்ணாம்பைக் கலந்து அடி அடியென்று அடிக்கிறார்கள். காற்றுப் பட்டு நுரை நீலமாகத் திரள்கிறது. விட்டுவைத்தால் அடியில் களிம்பாகப் படிகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வருடத்துக் களிம்பு கூடைகளில் தயாராக இருந்தது. அறுவடை முடிந்து, வீட்டுப் பெண்களுக்குக் கொஞ்சம் கை ஓய்ந்திருக்கும் காலம். நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும். சாயம் போடுவதெல்லாம் அப்போதுதான்.

தொட்டி என்பது வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத மூலையில் நிற்கும் மரப்பீப்பாய். வைக்கோல் சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்த காரநீர், களிம்பு, அரிசிச் சாராயம். உள்ளே போவது இவ்வளவுதான். சாராயம் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை நொதித்து நீலத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கும்போதுதான் தண்ணீரில் கரையாத நீலம் கரையும் நிலைக்கு வரும். பட்டறையில் இதே வேலையைச் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் சில நிமிடங்களில் முடித்துவிடும். இங்கே தொட்டிக்கு அதன் நேரம் வேண்டும்.

ஸா விடிந்ததும் செய்யும் முதல் வேலை தொட்டியைப் பார்ப்பது. மேலே செம்பும் ஊதாவும் கலந்த நுரை ஏடு கட்டியிருக்கிறதா, அகப்பையால் மொண்டு ஊற்றினால் உள் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக விழுகிறதா, வாசனை புளித்த இனிப்பாக இருக்கிறதா என்று மூன்றையும் பார்ப்பார். ஒரு நாள் தண்ணீர் நீலமாகவே விழுந்தது. நான் வாங்கி வந்திருந்த, காரத்தை அளக்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். பத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. ஸா தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். வழுவழுப்புக் குறைந்திருக்கிறது என்று சாம்பல் நீரும் கொஞ்சம் சாராயமும் ஊற்றச் சொன்னார். “தொட்டிக்குப் பசி. இன்னிக்குத் துணி போடாதே, தூங்கட்டும்” என்றார். மறுநாள் பச்சை திரும்பியிருந்தது. தாளும் விரலும் சொன்னது ஒன்றைத்தான். விரலுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது, எவ்வளவு ஊற்றினால் போதும் என்பது.

நனைக்கும் முறையைச் சொல்கிறேன். துணியை ஈரமாக்கிப் பிழிந்து, காற்றுக் குமிழி சேராமல் மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே கையால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். எடுத்துத் தொட்டியின் மேல் பலகையில் வடியவிட்டால் கண்ணெதிரே பச்சை மறைந்து நீலம் ஏறும். காற்றில் நன்றாக நீலமான பிறகுதான் அடுத்த முக்கு. காலையில் சில தடவை, சாயங்காலம் சில தடவை. இடையில் ஓடையில் அலசி மூங்கிலில் காயப்போட வேண்டும். அலசுவதை விட்டுவிடக் கூடாது. தளர்வாக ஒட்டியிருக்கும் சாயத்தை ஓடை கழுவிக்கொண்டு போனால்தான் அடுத்த அடுக்கு நூலைப் பிடிக்கும். பல நாள் இப்படி. சலவை நீலம், மயில் நீலம், கருநீலம் என்று போய், ஒரு கட்டத்துக்கு மேல் முக்கினாலும் நிறம் மாறவில்லை. என் தொழிலில் அங்கே நிறுத்துவோம். அவர்களுக்கு வேலை அங்கேதான் ஆரம்பம்.

இனித் துணிக்குச் சோறு போடும் கட்டம். மாட்டுத்தோலை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த நீர்த்த பசையில் துணியைத் தோய்த்துக் காயவைத்தோம். சில வீடுகளில் சோயாப்பால் சேர்க்கிறார்கள், சிலர் பன்றி இரத்தம். பிறகு காட்டு வேர்களையும் பட்டைகளையும் கொதிக்கவைத்த செந்நிறக் கஷாயம். சில ஊர்களில் பழுக்காத சீமைப்பனிச்சையின் சாறு. இவையெல்லாம் துவர்ப்புள்ளவை. நம் ஊரில் கலம்காரிக்குக் கடுக்காய் போடுவது நினைவுக்கு வந்தது. தோல் பசையிலும் சோயாவிலும் இருப்பது புரதம், வேரிலும் காயிலும் இருப்பது டானின். இரண்டும் சேர்ந்தால் தண்ணீருக்கு எளிதில் இளகாத மெல்லிய படலம் உண்டாகும், தோல் பதனிடும்போது நடப்பது போலவே. அதற்கு மேல் துணியைச் சுருட்டி மரத்தாலான ஆவிச்சட்டியில் வைத்து அவிக்கிறார்கள். சூட்டில் புரதம் இறுகிவிடும். அவித்து எடுத்தபின் மறுபடி நீலத் தொட்டி, மறுபடி பசை, மறுபடி செங்கஷாயம். இந்த வரிசை ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடுகூட மாறும். எதிர் வீட்டு அம்மா பசைக்கு முன்பே அவிப்பதைப் பார்த்து நான் ஸாவிடம் கேட்டேன். “அவள் அவ அம்மா ஊர் வழக்கப்படி செய்யறா, அவ துணி கொஞ்சம் சிவக்கும், எங்களுக்கு ஊதா வேணும்” என்றார். எதிரே காய்ந்த துணியை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், சொன்னது போலவே இருந்தது.

சம்மட்டி அடிக்கத் தொடங்கியபோதுதான் நான் அதுவரை செய்ததெல்லாம் எதற்கென்று புரிந்தது. வாசலில் வழவழப்பான கல். அதன்மேல் துணியைப் பல மடிப்பாக மடித்துப் போட்டு, தச்சர் கொட்டாப்புளியைவிடப் பெரிய மரச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். சம்மட்டி இரண்டு கிலோவுக்குக் குறையாது. முகம் துணியின் மேல் சமமாக விழவேண்டும், விளிம்பு பட்டால் நூல் அறுந்துவிடும். தோளால் ஓங்கினால் அரை மணிக்கு மேல் தாங்காது. சம்மட்டியைத் தூக்குவது மட்டும்தான் நம் வேலை, விழுவதை அதன் கனமே பார்த்துக்கொள்ளும். துணி கொஞ்சம் ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தால் படலம் நொறுங்கும், அதிகம் ஈரமானால் நீலம் பிதுங்கும். மடிப்புகளை இடம் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விளிம்பில் கோடு விழும்.

எப்போது போதும் என்று கேட்டதற்கு ஸா காதைத் தொட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் சத்தம் மொத்து மொத்தென்று இருக்கும். நூல்கள் தட்டையாகி இடைவெளி அடைந்தபின் கல்லின் கணீர் துணியைத் தாண்டி வெளியே வரும். அந்த நாட்களில் ஊர் முழுக்க இந்த ஓசைதான், ஒவ்வொரு வாசலிலும் வெவ்வேறு கதியில். கேட்டுக் கேட்டு, யார் வீட்டுத் துணி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று ஸா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

முதல் சுற்று முடிந்து துணியை விரித்தபோது கருநீலத்தின் மேல் லேசாக ஊதா பரவியிருந்தது. பின்னும் சாயம், பின்னும் பசை, பின்னும் அடி. கடைசியில் முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசி, காய்ந்ததும் ஒரு சுற்று மெதுவான அடி. சாய்த்துப் பிடித்தால் செம்பு, நேரே பிடித்தால் கருநீலம், விளக்கு வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறம்.

முட்டைக் கரு பூசுவதால்தான் மினுங்குகிறது என்று பலரும் நினைப்பதுண்டு, நானும் அப்படித்தான் படித்துவிட்டுப் போயிருந்தேன். முட்டை வழவழப்பைத் தருகிறது, உண்மை. செம்பு நிறம் நீலத்தினுடையது. நீலம் மெலிதாக இருக்கும்போது சிவப்புப் பக்கத்து ஒளியை விழுங்கி மிச்சத்தை விடுவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அதே நீலம் துணியின் மேல் இடைவெளியின்றி அடர்ந்து, சம்மட்டியால் நசுங்கிச் சமமான பரப்பாகிவிட்டால், எந்த ஒளியை வலுவாக விழுங்குகிறதோ அந்தப் பக்கத்து ஒளியையே உலோகம் போல மேற்பரப்பிலிருந்து திருப்பி அடிக்கும். தொட்டியின் நுரை செம்பாகத் தெரிவதும் இதனால்தான். நல்ல களிம்புக் கட்டியை நகத்தால் தேய்த்தால் செம்புக் கோடு விழும், நம் ஊர் அவுரிக் கட்டியின் தரத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆக, நான் பட்டறையில் கழுவித் தள்ளிக்கொண்டிருந்த மிச்சச் சாயத்தை இவர்கள் அடுக்கடுக்காகச் சேர்த்து, புரதத்தால் கட்டி, கல்லில் வைத்துப் பரப்பாக்குகிறார்கள். குறை என்று நான் படித்ததையே ஒரு மக்கள் கூட்டம் தன் அடையாளமாக வளர்த்தெடுத்திருக்கிறது. இதை நேரில் செய்து பார்த்தபிறகு, லேபில் நாங்கள் வைத்திருந்த அளவுகோல் எந்தத் துணிக்கானது, யாருடைய உபயோகத்துக்கானது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மேல்சட்டை வெட்டுவதில் கத்தரிக்கு அதிகம் வேலையில்லை. துணியின் அகலம்தான் அளவு. இரண்டு பட்டைகளை நடுமுதுகில் இணைத்தால் முதுகும் முன்பக்கமும் வந்துவிடும், தோளில் தையலே இல்லை. கை தனிப் பட்டை. வெட்டு மிச்சம் என்று கையில் எடுத்தால் ஒரு பிடிகூட இல்லை. முன்பக்கம் திறந்தபடி இருக்கும், உள்ளே மார்புத் துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். கைவிளிம்பிலும் முன்விளிம்பிலும் பூவேலைப் பட்டை. கீழே முழங்காலளவு மடிப்புப் பாவாடை, அதற்குக் கீழே கெண்டைக்காலைச் சுற்றிய கட்டுத்துணி. இது நான் இருந்த ஊரின் உடை. எல்லாத் தோங் ஊருக்கும் இது பொருந்தாது. வடக்குத் தோங் பகுதிகளில் ஹான் சீனர் பாணி எப்போதோ கலந்துவிட்டது. தெற்கில் லிபிங், சோங்ஜியாங், ரோங்ஜியாங், சான்ஜியாங் பக்கங்களில் பழைய உடை நிற்கிறது. அங்கேயும் ஒரு பள்ளத்தாக்கு தாண்டினால் விளிம்புப் பட்டையின் அகலம் மாறும், கொண்டை உச்சியிலிருந்து பக்கவாட்டுக்குப் போகும், பாவாடைக்குப் பதில் கால்சட்டை வரும். ஹூனானின் தோங்தாவோ பக்கம் சாயத்தைவிடத் தறியில் நெய்யும் பூவேலைக்குப் பேர். சந்தைக்கு வருகிறவர்களைப் பார்த்தே எந்த ஊர், கல்யாணம் ஆனவரா என்று மருமகள் சொல்லிக்கொண்டு வந்தார். கருந்துணி எல்லோருக்கும் பொது. அந்தக் கருமையின் மேல் வெள்ளிக் கழுத்து வளையமும் பூப்பட்டையும் வைக்கும் விதத்தில்தான் ஊர் தெரிகிறது.

பூவேலையில் ஒரு சிறு பட்டை மட்டும் செய்தேன். காகிதத்தில் உருவத்தை வெட்டித் துணியில் ஒட்டி, பட்டு இழையால் அந்தக் காகிதத்தையே மூடித் தைப்பது முறை. காகிதம் உள்ளேயே தங்கி உருவத்துக்கு மேடு கொடுக்கும். ஸா வெட்டிக் கொடுத்தது சிலந்தி. வீட்டில் குழந்தையை முதுகில் கட்டும் துணி ஒன்று இருந்தது. நடுவில் பெரிய வட்டம், அதைச் சுற்றி எட்டுச் சிறு வட்டங்கள், எல்லாம் கதிர் விடும் சூரியன்கள். மருமகளின் அம்மா, பேரன் பிறந்தபோது தைத்துக் கொண்டுவந்தது. அந்த நேர்த்திக்கு முன் என் சிலந்தியைப் பற்றி எழுத எதுவுமில்லை. அதற்கு வருடங்கள் வேண்டும்.

சாவோசிங் கடைவீதியில் இப்போது மினுங்கும் துணி மலிவாகவே கிடைக்கிறது. ரசாயன நீலம், மில் துணி, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்த மினுக்கம். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாய்த்தால் பளபளக்கிறது, ஆனால் எந்தக் கோணத்திலும் ஒரே பளபளப்பு. சம்மட்டித் துணியில் ஒளி அலையலையாக நகரும். வீட்டுத் தொட்டியிலும் பலர் ரசாயன நீலத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஸாவும் சேர்ப்பதுண்டு, மறைக்கவில்லை. வயலும் பார்த்து, பேரனும் பார்த்து, களிம்புக்கு இலையும் வளர்க்கிறவர் அதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. உருளைத் துணியை விலைக்கு விற்பதிலும் ஆட்சேபமில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டு ஒரே அலமாரியில் வைப்பதுதான் அநியாயம். சம்மட்டி அடிக்கிற பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய விலையை அது தின்றுவிடுகிறது. வாங்குகிறவர்கள் துணியை நனைத்த விரலால் தொடுங்கள். வீட்டுத் துணி விரலில் நீலம் ஒட்டும், லேசாகப் புளிப்பும் புகையும் கலந்த வாசனை வரும். விளிம்பைப் பாருங்கள், அகலம் ஓரடிச் சொச்சமாக, இரண்டு பக்கமும் நெய்த கரையோடு இருக்கும்.

குவாங்சோ திரும்பியதும் ஒரு மிச்சத் துண்டை லேபில் தேய்ப்புச் சோதனைக்குப் போட்டேன். ஐந்து புள்ளி அளவுகோலில் உலர் தேய்ப்பு 2, ஈரத் தேய்ப்பு 1. ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் பொதுவாக உலர்வுக்கு 4, ஈரத்துக்கு 3 கேட்பார்கள். ஸா வீட்டில் யாரும் இதைக் குறையாக எண்ணுவதில்லை. புதுச்சட்டை போட்ட முதல் சில நாள் கழுத்தும் மணிக்கட்டும் நீலமாகத்தான் இருக்கும். தோங் புத்தாண்டில் புதுத்துணி போட்டவர்களின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார் மருமகள். உலர் தேய்ப்பு எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சட்டைத் துண்டின் மேல் தண்ணீர்த் துளி விட்டேன். உடனே உறிஞ்சாமல் சற்று நேரம் உருண்டு நின்றது. மலைத் தூறலுக்கு இந்தத் துணி ஏன் தாங்குகிறது என்பதற்கு அது விடை.

பராமரிப்பு: சோப்பு வேண்டாம், வாஷிங் மெஷின் கூடவே கூடாது. வியர்வை பட்டால் நிழலில் காற்றாட விட்டால் போதும். கறை பட்ட இடத்தை மட்டும் குளிர்ந்த நீரில் ஒற்றி எடுக்கலாம். மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது, மடிப்பில் படலம் விரிசல் விடும். வெள்ளைத் துணியோடு சேர்த்து வைக்காதீர்கள். சில வருடத்தில் மினுக்கம் மங்கினால் அதைப் பழசென்று போடத் தேவையில்லை. அடுத்த சாயக்காலத்தில் மறுபடி தொட்டிக்குள் போய், பசை ஏறி, கல்லுக்கு வந்துவிடும். ஸா போட்டிருந்த சட்டை அப்படிப் பலமுறை புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த சாயக்காலத்தில் பாவாடைத் துணி செய்வதாகப் பேசி வைத்திருக்கிறேன். விரலாலேயே நுணுக்கமாக மடிப்பெடுத்து, நூலால் கோத்துக் கட்டி அவிக்க வேண்டும் என்பதால் படலம் இன்னும் இளக்கமாக இருக்க வேண்டுமாம். தோல் பசை குறைவு, சோயா அதிகம். அளவை ஸா சொல்லவில்லை. அப்போது விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.